போகிக்கு எரிக்காதீங்க... எடைக்கும் போடாதீங்க! பரண்மேல் கிடக்கும் பழைய இசைத்தட்டில் அப்படி என்னதான் இருக்கு?

மார்கழி கடைசி வந்துவிட்டால் எல்லா ஊரிலும் நடப்பதுதான் விருத்தாசலத்திலும் நடக்கும். பரணில் இருப்பதெல்லாம் கீழே இறங்கும். உடைந்த பீங்கான் ஜாடி, ஓடாத ஃபேன், பழைய பேப்பர் கட்டு. கூடவே தாத்தா காலத்து அட்டைப்பெட்டி ஒன்று. திறந்து பார்த்தால் கறுப்பா, வட்டமா, நடுவுல ஓட்டையோட அடுக்கடுக்காகத் தட்டுகள். தெருவில் பழைய இரும்புக்காரரின் குரல் கேட்டதும், "இதையும் எடுத்துக்கங்க" என்று மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். சில வீடுகளில் அது நேராகப் போகி நெருப்புக்கே போய்விடுகிறது.

ஆனால், அதே தட்டைத் தேடிக்கொண்டு ஊர் ஊராகக் காயலான் கடை ஏறி இறங்குபவர்களும் இருக்கிறார்கள். தூசி தும்மலுக்கு நடுவே ஒரு தட்டைக் கையில் எடுத்ததும் அவர்கள் முகத்தில் வரும் சந்தோஷம் புதையல் எடுத்தவர்களின் சந்தோஷம்.

ஏன் இந்தத் தேடல்? அந்தத் தட்டில் என்ன இருக்கிறது? உங்கள் வீட்டில் இருப்பது குப்பையா, பொக்கிஷமா? விரிவாகப் பார்ப்போம்.

தட்டைத் தேடுவதில் அப்படி என்ன 'கிக்'?

இந்தத் தேடலுக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தது இங்கிலாந்து. அங்கே 'சேரிட்டி ஷாப்' என்று ஒரு வகைக் கடை உண்டு. வீட்டில் வேண்டாத பொருளைத் தொண்டு நிறுவனத்துக்குத் தானமாகக் கொடுத்துவிடுவார்கள். அதைக் குறைந்த விலைக்கு விற்று, வரும் பணத்தை நற்பணிக்குப் பயன்படுத்துவார்கள். ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 1940களின் இறுதியிலேயே ஆக்ஸ்போர்டு நகரில் இப்படிக் கடை திறந்துவிட்டது.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் 'சோல்' இசைக்கு வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் 1960, 70களில் பெரிய ரசிகர் கூட்டம் இருந்தது. அவர்களுக்கு ஹிட்டான பாட்டு வேண்டாம். விற்காமல் போன, யாரும் கேட்காத பாட்டுதான் வேண்டும். அதனால் பழைய தட்டு எங்கே கிடைத்தாலும் புரட்டிப் பார்ப்பது ஒரு பழக்கமாகவே ஆனது.

அதில் ஒரு தட்டின் கதை பிரபலம். ஃபிராங்க் வில்சன் என்ற பாடகரின் பாட்டை 1965-ல் அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம் தட்டாக அச்சடித்தது. பிறகு வெளியீடு கைவிடப்பட்டு, பிரதிகள் அழிக்கப்பட்டன. தப்பியவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதில் ஒரு பிரதி 2009-ல் 25 ஆயிரம் பவுண்டுக்கு மேல் விலை போனது.

இந்தக் கிக்குக்கு உளவியல் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. பி.எஃப்.ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், எலிகளையும் புறாக்களையும் வைத்து நடத்திய சோதனைகளில் ஒரு விஷயத்தைக் கண்டார். ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்துப் பழகிய விலங்கு, தீனி நின்றதும் சீக்கிரமே முயற்சியை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல், எப்போதாவது கிடைத்துப் பழகிய விலங்கு லேசில் விடாது. காயலான் கடையும் அப்படித்தான். 99 தட்டைப் புரட்டினால் ஒன்றுமிருக்காது. 100-வது தட்டு என்னவாக இருக்குமோ என்ற நினைப்புதான் ஆளை உட்கார வைக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தத் தட்டுகள் எங்கே இருந்தன?

நம்ம ஊரில் சேரிட்டி ஷாப் இல்லை. காயலான் கடைதான் அந்த வேலையைச் செய்கிறது. சென்னையில் பழைய தட்டு என்றால் மூர் மார்க்கெட். 1900-ல் திறக்கப்பட்ட அந்தச் சந்தையில் பழைய புத்தகமும் இசைத்தட்டும் தேடி அலையாத ரசிகர்கள் குறைவு. 1985 மே மாதத் தீ விபத்தில் அந்தக் கட்டடம் போனது. வியாபாரிகள் பக்கத்திலேயே வேறு வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

சிறிய ஊர்களில் நிலைமை வேறு. விருத்தாசலம் போன்ற ஊர்களில் வசதியான வீடுகளை விட்டால், தட்டுகள் அதிகம் இருந்த இடம் 'சவுண்ட் சர்வீஸ்' கடைகள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் குழாய் கட்டி, தட்டைச் சுழல விட்டவர்கள் அவர்கள்தான். திருவிழா மேடையில் தட்டில் ஓடும் பாட்டுக்கு ஆடியதால்தான் 'ரிக்கார்டு டான்ஸ்' என்ற பெயரே வந்தது. 'திருவிளையாடல்' வசனத்தைப் படம் பார்க்காதவர்கள் கூட மனப்பாடமாகச் சொன்னதற்கு, குழாய் வழியாக ஊருக்கே ஒலித்த அந்த வசனத் தட்டுகளும் ஒரு காரணம்.

பிறகு கேசட் வந்தது. இடத்தை அடைக்காது, உடையாது, விலையும் குறைவு. 1980களில் தட்டுகள் ஓரங்கட்டப்பட்டன. அடுத்த பத்தாண்டில் இந்தியாவில் தட்டு அச்சடிப்பதே அநேகமாக நின்றுபோனது. கடை மூலையில் மூட்டையாகக் கிடந்தவை எடைக்குப் போயின.

கறுப்புத் தட்டு எல்லாம் ஒன்றா?

இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டு தனித்தனிப் பொருட்கள் இவை.

முதல் வகை, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் பீங்கான் தட்டு மாதிரியே சுக்குநூறாகிவிடும். இது அரக்கில் செய்தது. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசின்தான் மூலப்பொருள். அதோடு கல் பொடியையும் கறுப்பு மையையும் கலந்து, சூடாக்கி, அச்சில் அழுத்தி எடுப்பார்கள். உலகத்துக்கே அரக்கு கொடுத்த நாடுகளில் இந்தியா முதன்மையானது. ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் பாடும். மணிக்கணக்கில் தோடி வாசிக்கக்கூடிய டி.என்.ராஜரத்தினம் பிள்ளை கூட தட்டு என்று வந்தால் சில நிமிடத்துக்குள் சுருக்கித்தான் ஆகவேண்டும். சினிமாப் பாட்டு மூன்று, நாலு நிமிடத்தில் நின்றதற்குப் பின்னாலும் இந்த அளவு இருக்கிறது.

இரண்டாவது வகை 'எல்பி'. 1948-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. இது பிவிசி பிளாஸ்டிக், அதனால் லேசாக வளையும். ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பாடும். இதன் தம்பிதான் 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டு.

சுருக்கமாகச் சொன்னால்: கனமாக, விறைப்பாக, உடையும்போல இருந்தால் அரக்கு. லேசாக, வளைந்து கொடுத்தால் பிளாஸ்டிக். சந்தேகமாக இருந்தால் வளைத்துப் பார்க்காதீங்க! லேபிளில் 78, 45, 33⅓ என்று எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தத் தட்டே போனால் என்ன ஆகும்?

இந்தியாவில் வணிகரீதியான ஒலிப்பதிவு 1902 நவம்பரில் கொல்கத்தாவில் தொடங்கியது. ஃபிரெட் கைஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் அங்கே கௌஹர் ஜான் என்ற பாடகியைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வது அந்தத் தட்டுகளில் கேட்கும். பதிவுகள் அச்சாவதற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போனதால், அங்கிருப்பவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிவதற்காக இந்த ஏற்பாடு என்பார்கள். 1908-ல் கொல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. 1928-ல் அது டம்டம் பகுதிக்கு மாறியது. 'நாய் மார்க்' என்று நம்மவர்கள் கூப்பிட்ட எச்எம்வி தட்டுகள் அங்கே அச்சானவைதான். அந்த நிறுவனம்தான் இன்றைய சரிகமா.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு டேப் கிடையாது. பாடுகிறவரின் குரல் நேரடியாக மெழுகுத் தட்டில் செதுக்கப்படும். அதிலிருந்து உலோக அச்சு செய்து, அந்த அச்சில்தான் அரக்குத் தட்டுகளை அடிப்பார்கள். காலப்போக்கில் உலோக அச்சு அழிந்துவிட்டால், அந்தப் பாட்டுக்கு மிஞ்சும் மூலம் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கும் தட்டு மட்டும்தான். அதுவும் உடைந்தால்? அந்தக் குரலை இனி யாராலும் கேட்க முடியாது.

எஸ்.ஜி.கிட்டப்பாவை எடுத்துக்கொள்வோம். நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்தவர். தமிழின் முதல் பேசும் படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. 1933-ல் 30 வயதைத் தொடும் முன்பே கிட்டப்பா காலமானார். பேசும் படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. இன்றைக்கு அவர் குரலைக் கேட்கிறோம் என்றால், கிராமபோன் தட்டுகள் பிழைத்ததால்தான். 'காளிதாஸ்' படச்சுருளே இன்று இல்லை. அரக்குத் தட்டில் இருந்தவர் பிழைத்தார், ஃபிலிமில் இருந்த படம் பிழைக்கவில்லை!

கிட்டப்பா புகழ்பெற்றவர், பலர் பத்திரப்படுத்தினார்கள். பேர் தெரியாத நாடக நடிகர், சின்ன ஊர் நாதஸ்வரக்காரர், நகைச்சுவைத் துணுக்கு பேசியவர் ஆகியோரின் தட்டுகளைத்தான் யாரும் தேடவில்லை. இன்று காயலான் கடையில் உண்மையான ஆபத்து அவற்றுக்குத்தான்.

லேபிளில் ஒளிந்திருக்கும் வரலாறு

தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைக் கிழிக்காதீர்கள். பாட்டு என்ன, பாடியவர் யார், கம்பெனி எது, வரிசை எண் என்ன என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பாட்டுப் பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் இடத்தில் வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். அங்கே பொறித்திருக்கும் சின்ன எண்களை வைத்து, எந்த அச்சில் அடித்தது என்று சேகரிப்பாளர்கள் கண்டுபிடிப்பார்கள். எச்எம்வி எல்பிகளில் எண்ணுக்கு முன்னால் 'இசிஎல்பி' என்று ஆங்கிலத்தில் இருந்தால் மோனோ, 'இசிஎஸ்டி' என்று இருந்தால் ஸ்டீரியோ.

கம்பெனிப் பெயரே ஒரு கதை சொல்லும். உதாரணத்துக்கு 'ஓடியன்' என்ற லேபிள். காரைக்குடியில் தந்தையின் கடையில் கிராமபோன் தட்டு விற்ற இளைஞர் ஒருவர், 1930களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். அவர்தான் ஏ.வி.மெய்யப்பன், பின்னாளில் ஏவிஎம். பாரதியார் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கூட ஒரு கட்டத்தில் இசைத்தட்டு வியாபாரிகள் கையில் இருந்தது, பிறகு ஏவிஎம் கைக்கு வந்தது. 1949-ல் அரசு அதை நாட்டுடைமை ஆக்கியது. ஒரு கவிஞரின் பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வியே இந்தத் தட்டு வியாபாரத்தோடு பின்னிக் கிடந்தது.

எல்லாத் தட்டும் லட்சம் போகுமா?

போகாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பழசு என்பதற்காக மட்டும் விலை கிடைக்காது. சூப்பர் ஹிட் படத்தின் எல்பி லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கும். அதற்கு நல்ல விலை வேண்டுமென்றால் தட்டில் கீறல் இருக்கக்கூடாது, அட்டை உறையும் முழுசாக இருக்கவேண்டும்.

விலையைத் தீர்மானிப்பவை மூன்று: எத்தனை பிரதி மிச்சம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, யார் தேடுகிறார்கள்.

மூன்றாவது காரணம் சில நேரம் ஆச்சரியப்படுத்தும். பிரிட்டனில் 1960 வாக்கில் 78 தட்டு அச்சடிப்பது முடிவுக்கு வந்துவிட்டது. இந்தியாவில் கரண்ட் இல்லாத வீடுகளில் சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி ஓடிக்கொண்டிருந்ததால், இங்கே அது தொடர்ந்தது. விளைவு? பீட்டில்ஸ் பாடல்கள் டம்டம் தொழிற்சாலையில் 78 தட்டாக அச்சாகின. இங்கே சாதாரணமாக விற்ற அந்தத் தட்டுகளுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் இன்று பெரிய கிராக்கி.

இளையராஜா தட்டுகளுக்கும் கடல் தாண்டி ஆள் இருக்கிறது. 2003-ல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு, 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தின் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தங்கள் ஆல்பத்தில் பயன்படுத்தியது. 2007-ல் ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட லண்டன் பாடகி எம்.ஐ.ஏ., 'தளபதி' பாட்டைப் பயன்படுத்தினார். இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் ராஜாவின் பழைய பாடல்களைத் தொகுத்துப் புதிதாக எல்பியே வெளியிட்டது. விருத்தாசலம் சவுண்ட் சர்வீஸ்காரர் எடைக்குப் போட்டதை, லண்டனில் ஒருவர் வரிசையில் நின்று வாங்குகிறார்!

எதில் போட்டுக் கேட்பது? 'செராமிக்' ஊருக்குப் புரியும் சங்கதி

விருத்தாசலம் என்றால் அகல்விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர். நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் களிமண் பக்கத்திலேயே இருந்ததால் வளர்ந்த செராமிக் தொழில் இது. இசைத்தட்டுக்கும் செராமிக்குக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு.

தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது அது நடுங்கும். அந்த நடுக்கத்தை மின்சாரமாக மாற்றினால்தான் ஸ்பீக்கரில் பாட்டு வரும். அழுத்தினால் மின்சாரம் தரும் பொருட்கள் சில உண்டு என்பதை 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். ஆரம்பத்தில் இதற்கு ஒரு வகை உப்புப் படிகத்தைப் பயன்படுத்தினார்கள். வெயிலும் ஈரமும் பட்டால் அது கெட்டுப்போகும். அந்த இடத்துக்கு வந்ததுதான் செராமிக். குறைந்த விலை ரிக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் ஊசிக்குப் பின்னால் இருந்தது ஒரு சின்ன செராமிக் துண்டு. அது அகல்விளக்குக் களிமண்ணில் செய்ததில்லை, வேறு வேதிப்பொருள். ஆனால் பொடியை அழுத்தி, சூளையில் சுட்டு இறுக்கும் வேலை அதேதான்.

தட்டைப் போட்டுக் கேட்கும் முன் கவனிக்க வேண்டியவை:

* சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டியில் எல்பியைப் போடாதீர்கள். இரும்பு ஊசியும் கனமான தலையும் பிளாஸ்டிக்கைச் செதுக்கிவிடும். ஒரே தடவையில் தட்டு காலி.
* எல்பி ஊசியால் 78-ஐ ஓட்டாதீர்கள். 78-ன் பள்ளம் அகலம். அதற்கான ஊசி முனை எல்பி ஊசியைப் போல மூன்று மடங்கு தடிமன்.
* ஸ்பிரிட், சானிடைசர் போட்டு 78-ஐத் துடைக்கவே கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். லேபிள் நனையாமல், மெல்லிய ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துவது போதும்.
* ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். வெயில் படும் மொட்டை மாடி அறை வேண்டாம்.
* பளபளக்கும் பித்தளைக் குழல் வைத்த 'பழைய' கிராமபோனை நம்பி வாங்கிவிடாதீர்கள். பழைய உதிரி பாகத்தில் புதிதாகச் செய்து விற்பவை ஏராளம்.

வேண்டாம் என்றால் என்ன செய்வது?

முதலில், எரிக்காதீர்கள். எல்பி பிவிசி பிளாஸ்டிக். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற எரிச்சலூட்டும் வாயு வரும், டையாக்சின் போன்ற நச்சும் உருவாகும். தெருக் குழந்தைகள் மேளம் அடித்துக்கொண்டு சுற்றி நிற்கும் போகி நெருப்பில் அதைப் போடுவது யாருக்கும் நல்லதில்லை.

அடுத்து, ஒரு பட்டியல் எழுதுங்கள். லேபிளில் இருப்பதை அப்படியே எழுதினால் போதும், செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். சேகரிப்பாளர்களுக்கு அதுவே பாதி வேலை. இசை வரலாற்றாளர் வி.ஏ.கே.ரங்காராவ் தனி ஆளாகப் பல்லாயிரம் 78 தட்டுகளைச் சேர்த்தார். மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் ஓடியன், யங் இந்தியா லேபிள் தட்டுகளை பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் உதவியோடு டிஜிட்டல் ஆக்கியது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குப் பட்டியலை அனுப்பிக் கேட்டுப் பார்க்கலாம். அந்த நூலகமே கோட்டையூர்க்காரர் ஒருவர், மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததைச் சேர்த்து வைத்ததால் உருவானதுதான்.

நாமே பதிவு செய்து இணையத்தில் ஏற்றலாமா?

இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960-ல் வெளியான தட்டுக்கு 2020 கடைசியோடு அது முடிந்துவிட்டது. ஆனால் பாட்டை எழுதியவர், இசையமைத்தவரின் உரிமை தனி. அது அவர்கள் மறைந்த பிறகும் 60 ஆண்டு தொடரும். அதனால் ஏற்றும் முன் யோசித்துச் செய்யுங்கள்.

காயலான் கடைத் தராசுக்கு எல்லாத் தட்டும் ஒரே எடைதான். கிட்டப்பாவா, பேர் தெரியாத நாதஸ்வரக்காரரா என்று அதற்குத் தெரியாது. பார்க்க வேண்டியது நாம்தான். இந்தப் போகிக்குப் பரணைச் சுத்தம் பண்ணும்போது, அந்தக் கறுப்புத் தட்டின் லேபிளை ஒரு தடவை படித்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க!